கீழ்க்குரலும் மேற்குரலும்: ஜான் வெட்டனை முன்வைத்து

1974ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 'ரெட்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. அதை உருவாக்கிய கிங் கிரிம்ஸன் குழு அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 45ஆம் இடத்தைத் தொட்ட அத்தட்டு ஒரே வாரத்தில் பட்டியலை விட்டு மறைந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1982இல், 'ஏஷியா' என்ற குழு தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் தட்டை வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் அது ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. முன்னதை ராக் இசையின் உச்சங்களுள் ஒன்றெனக் கொண்டாடுவோர் பின்னதன் பெயரைச் சொல்லவும் கூசுவர். இரண்டிலும் பாடியவரும் பேஸ் கிடார் வாசித்தவரும் ஒருவரே. ஜான் வெட்டன் (1949–2017).

உச்சத்திலிருந்து சந்தைக்கு இறங்கிவந்த கலைஞன் என்பது அவரைப் பற்றிப் பலகாலமாகச் சொல்லப்பட்டுவரும் கதை. அக்கதையை நாமும் நம்பியவர்களே. மாணவப் பருவத்தில் நண்பரொருவர் பதிந்து தந்த 90 நிமிட ஒலிநாடாவின் ஒரு பக்கத்தில் 'ரெட்', மறுபக்கத்தில் 'ஏஷியா'. முதல் பக்கம் நாடா தேயுமளவு ஓடியது. மறுபக்கத்தை ஏறக்குறைய பத்தாண்டுகள் நாம் கேட்கவேயில்லை. சிற்றிதழ்ச் சூழலில் வாசிக்கக் கற்றவர்களுக்கு இயல்பாகவே படிந்துவிடும் பழக்கம் இது. புழங்கும் இடம் பெரிதாகிவிட்டால் பொருள் சிறிதாகிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். வார இதழில் தொடர் எழுதத் தொடங்கிய எழுத்தாளரை, அத்தொடரின் ஓர் அத்தியாயத்தைக்கூடப் புரட்டாமல் கைகழுவியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அதே கண்ணாடியை இசைக்கும் மாட்டிக்கொண்டோம். மறுபக்கத்தைக் கேட்ட பிறகு, நமக்குப் பழகிய கதை பாதியே உண்மை என்று தோன்றிற்று. அந்தப் பாதியும் தவறான பாதி என்பது இன்று எம் துணிபு.

பேஸ் கிடாரைப் பற்றித் தமிழ் வாசகர்க்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. இளையராஜாவின் பாடல்களில், பாட்டுக்கு அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடும் அந்தக் கீழ்ஸ்தாயி நரம்பொலிக்கு நம் செவிகள் பழகியவை. ஆனால் அந்த அடிப்பாட்டை வாசிப்பவரே மேற்பாட்டையும் பாட நேர்ந்தால் என்னவாகும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். தாளக் கிடார் வாசித்துக்கொண்டு பாடுவது அவ்வளவு கடினமன்று. கையும் குரலும் பெரும்பாலும் ஒரே திசையில் செல்லும். பேஸ் கிடார் அப்படியன்று. குரல் நீட்டும் இடத்தில் விரல் துள்ள வேண்டும். குரல் ஓய்வெடுக்கும் இடத்தில் விரல் முன்னே சென்று அடுத்த சுரத்துக்கு வழிகாட்ட வேண்டும். ஓர் உடலுக்குள் இருவர் வாழ்வதைப் போன்றது அது.

வெட்டன் டெர்பிஷயரின் வில்லிங்டனில் பிறந்தவர். வளர்ந்தது இங்கிலாந்தின் தென்கடற்கரையில், போர்ன்மத் நகரில். அவருடைய அண்ணன் தேவாலய ஆர்கன் வாசிப்பவர். ஆர்கனில் கால்கட்டைகளால் வாசிக்கவேண்டிய கீழ்ப்பகுதிக்கு வீட்டுப் பியானோவில் இடமில்லை. ஆகவே அண்ணன் பயிற்சி செய்யும்போது தம்பி அருகமர்ந்து அக்கீழ்ப்பகுதியை வாசித்துக்கொடுப்பாராம். தம் பேஸ் வாசிப்பின் ஊற்று அங்கிருந்தே என்று பிற்காலத்தில் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். இச்சிறு செய்தியை நாம் மிக முக்கியமானதாகக் கருதுகிறோம். நான்கு குரல்களில் எழுதப்படும் ஆங்கிலத் தேவாலயப் பாடல்களில் மேலே மெட்டு, கீழே அடித்தளம். நடுவிலுள்ள இரண்டும் பெரும்பாலும் இட்டு நிரப்புபவை. மேலும் கீழும் தம்முள் சரியாகப் பேசிக்கொண்டால் பாட்டு நின்றுவிடும். பாஹின் இசையிலும் இதுவே நியதி. ராக் இசையின் அரிச்சுவடியை மற்றவர்கள் ப்ளூஸ் வழியே கற்றபோது, இந்தச் சிறுவன் மேற்குரலுக்கும் கீழ்க்குரலுக்குமான உறவைப் பியானோப் பலகையில் அண்ணனின் தோளுரசிக் கற்றிருக்கிறான்.

போர்ன்மத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றி ஒரு சொல். ராபர்ட் ஃப்ரிப் அருகிலுள்ள விம்போர்னில் பிறந்தவர். கிங் கிரிம்ஸனின் முதல் பாடகரும் பேஸ் கலைஞருமான கிரெக் லேக் பூலில் பிறந்தவர். இவ்விருவரும் ஒரே ஆசிரியரிடம் கிடார் பயின்றவர்கள். பின்னாளில் வெட்டனுக்குப் பாடல்வரிகள் எழுதித்தந்த ரிச்சர்ட் பாமர்-ஜேம்ஸ் அவருடைய இளமைக்கால நண்பர், அதே ஊரில் அவருடன் சேர்ந்து வாசித்தவர். லண்டனோ லிவர்பூலோ அல்லாத, முதியவர்கள் ஓய்வெடுக்க வரும் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இத்தனை பேர் புறப்பட்டது விந்தைதான்.

மோகல் த்ராஷ், அதன்பின் ஃபேமிலி எனச் சில குழுக்களில் வாசித்துவிட்டு 1972இல் வெட்டன் கிங் கிரிம்ஸனில் சேர்ந்தார். ஃபேமிலியில் ரோஜர் சாப்மன் என்னும் முரட்டுக் குரல்காரர் முன்னே நின்றார். அங்கே வெட்டன் முதன்மைப் பாடகராவதற்கு வழியில்லை. ஃப்ரிப் புதிதாகச் சேர்த்த குழுவில் அந்த வழி கிடைத்தது. யெஸ் குழு புகழின் வாசலில் நின்ற வேளையில் அதை விட்டு வந்த தாளக்கலைஞர் பில் ப்ரூஃபோர்ட், வயலின் கலைஞர் டேவிட் கிராஸ், சில மாதங்களே நீடித்த ஜேமி ம்யூர் ஆகியோர் உடனிருந்தனர். 1973இல் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்', 1974இல் 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்', அதே ஆண்டில் 'ரெட்'. இரண்டு ஆண்டுக்குள் மூன்று தட்டுகள்.

இக்குழுவின் மேடைப் பதிவுகள் பிற்காலத்தில் பெட்டி பெட்டியாக வெளிவந்தன. 1992இல் 'தி கிரேட் டிசீவர்', 1997இல் ஆம்ஸ்டர்டாம் கச்சேரியைத் தாங்கிய 'தி நைட் வாட்ச்', 2013இல் 24 வட்டுகள் கொண்ட 'தி ரோட் டு ரெட்'. அவற்றைக் கேட்டால்தான் வெட்டனின் கைவலிமை விளங்கும். அன்றைய ராக் குழுக்களில் பேஸ் என்பது தாளத்துக்கும் கிடாருக்கும் இடையே பாலமிடும் பணிவான கருவி. வெட்டனோ அதன் ஒலியைக் கரகரப்பாக்கி, பெருக்கி, கிடாரோடு நேருக்குநேர் மோதவிட்டார். முன்கூட்டித் திட்டமிடாத மனோதர்மப் பகுதிகளில் யார் வழிநடத்துகிறார் என்று உற்றுக்கேட்டால், பல இரவுகளில் அது பேஸாகவே இருக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. வெட்டனும் ப்ரூஃபோர்டும் எழுப்பிய பேரொலியில் வயலின் மூழ்கிப்போயிற்று. 1974 கோடையில், நியூயார்க் சென்ட்ரல் பார்க் கச்சேரியோடு கிராஸ் விலகினார். வெட்டனைப் புகழும்போது அந்த வயலினுக்காகச் சற்று வருந்துவதும் நியாயமே.

இதே குழுவின் 'ட்ரையோ' எனும் பகுதியையும் சொல்லாமல் விட மனமில்லை. ஆம்ஸ்டர்டாம் மேடையில் அந்த நேரத்தில் தோன்றியது அது. வயலின், மெலட்ரானின் புல்லாங்குழல் ஒலி, அடியில் வெட்டனின் பேஸ். முழங்கிக்கொண்டிருந்த அதே கருவி இங்கே தாழ்ந்த குரலில் ஓர் எளிய மெட்டைத் தாங்குகிறது. ப்ரூஃபோர்ட் குச்சிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அடிகூட அடிக்கவில்லை. அடிக்காமலிருந்ததற்காகவே அவருக்கும் ஆக்கியோர் பட்டியலில் பெயர் கிடைத்தது. சும்மா இருப்பதும் பங்களிப்பே என்று ஒத்துக்கொண்ட ராக் குழுக்கள் அதிகம் இருக்க முடியாது.

ஆனால் எம் வாதத்துக்கு மையமானது 'ஸ்டார்லெஸ்'. அதன் வரலாறு தெரியாமல் அதைக் கேட்பவர்களுக்கு, அது கிரிம்ஸன் குழு ஒருமனதாகக் கட்டியெழுப்பிய கோபுரமாகவே தோன்றும். உண்மை வேறு. டிலன் தாமஸின் 'அண்டர் மில்க் வுட்' வானொலி நாடகத்தில் வரும் ஒரு தொடரைத் தலைப்பாகக் கொண்டு, மெதுவான துயரப்பாட்டொன்றை வெட்டன் குழுவின் முன் வைத்தார். ஃப்ரிப்பும் ப்ரூஃபோர்டும் அதை வரவேற்கவில்லை. பாட்டு ஒதுக்கப்பட்டது, தலைப்பு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு, மேடையில் பதிவான ஒரு மனோதர்மப் பகுதிக்கும் 1974இன் முதல் தட்டுக்கும் சூட்டப்பட்டது. பாடல் இல்லாமல் பாடலின் பெயர் மட்டும் ஒரு தட்டை அலங்கரித்த கதை இது. பின்னர் அதே ஆண்டில், கைவிடப்பட்ட மெட்டை மீண்டும் எடுத்து, வரிகளைச் செப்பனிட்டு, நீண்ட கருவியிசைப் பகுதியொன்றை அதனோடு இணைத்து மேடையேற்றினர். 'ரெட்' தட்டின் இறுதியில் 12 நிமிடங்களுக்கு மேல் நீளும் 'ஸ்டார்லெஸ்' அவ்வாறு பிறந்ததுதான்.

முதல் நான்கு நிமிடங்கள் முழுக்க வெட்டனின் குரல். ஏறத்தாழ இருபத்தைந்து வயதில் ஒருவர் இத்தனை களைப்போடு பாட முடியுமா என்று வியக்கவைக்கும் குரல். லேக்கின் குரல் போலத் தெளிந்த நீரோட்டமன்று இது. அடியில் மணல் கிடப்பது தெரியும். பின் குரல் ஓய்கிறது. 13 எண்ணிக்கை கொண்ட ஒரு சுழற்சியைப் பேஸ் மட்டும் தாழ்வாகத் தொடங்குகிறது. மேலே ஃப்ரிப் ஒற்றைச் சுரத்தை மீண்டும் மீண்டும் தட்டிக்கொண்டே இருக்கிறார். நிமிடங்கள் செல்லச் செல்லச் சுரம் சிறிது சிறிதாக உயர்கிறது, பேஸ் முறுக்கேறிச் சீறுகிறது, தாளம் சுற்றிலும் உடைந்து நொறுங்குகிறது. (அந்தப் புகழ்பெற்ற பேஸ் சுழற்சியைத் தந்தவர் தாளக்கலைஞர் ப்ரூஃபோர்ட். வெட்டனின் பெயரோடு என்றென்றும் ஒட்டிக்கொண்டுவிட்ட அந்தக் கீழ்க்குரல் வேறொருவர் கற்பனை. மேலே உள்ள பாட்டே அவருடையது. விமர்சகர்கள் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.) பின் வேகம் இருமடங்காகி, இறுதியில் தொடக்கத்து மெட்டு பெருகித் திரும்புகிறது. சொல் இல்லை. அடியில் பேஸ் முழுவலிமையோடு முழங்க, மேலே மெட்டு நிற்கிறது.

மேற்குரலும் கீழ்க்குரலும் ஒரே அளவு மதிப்போடு, ஒன்றையொன்று அழிக்காமல் நின்ற இடம் அது. வெட்டனின் நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேலான இசைவாழ்வில் அவ்விடத்துக்கு அவர் திரும்பிச் சென்றது மிக அரிதாகவே. 1974 செப்டம்பரில் ஃப்ரிப் குழு முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அவர் மனம் அப்போது ஆன்மிகத் தேடலில் இருந்தது. வெட்டனுக்கும் ப்ரூஃபோர்டுக்கும் அம்முடிவில் உடன்பாடில்லை. பெரிய உயரமொன்றின் விளிம்பில் நிற்கிறோம் என்று நம்பியிருந்த வெட்டனுக்கு அது நெடுநாள் ஆறாத வருத்தமாக இருந்தது. 'ரெட்' வெளியான நாட்களில் அவர் வேலையற்ற பாடகர்.

அடுத்த சில ஆண்டுகளை விரைவாகவே கடக்கலாம். ராக்ஸி மியூசிக்கின் கச்சேரிகளில் கூலிக் கலைஞராக வாசித்தார். 1975–76இல் யூரையா ஹீப்பின் இரு தட்டுகளில் பங்கேற்றார். பிரையன் ஃபெரிக்கும் ஃபில் மன்சனேராவுக்கும் வாசித்துக் கொடுத்தார். பிழைப்பு என்ற சொல்லைத் தவிர இதற்குப் பொருத்தமான சொல் இல்லை. 'வீழ்ச்சி' என்ற குற்றச்சாட்டு உண்மையில் பொருந்தக்கூடிய காலம் இது. யாரும் அதை இங்கே வைப்பதில்லை, ஏனெனில் இத்தட்டுகள் 'ஏஷியா' அளவுக்கு விற்கவில்லை!

1977இல் ப்ரூஃபோர்டோடு மீண்டும் சேர்ந்து, விசைப்பலகையும் வயலினும் வாசிக்கும் எடி ஜாப்ஸன், கிடார் மேதை ஆலன் ஹோல்ட்ஸ்வர்த் ஆகியோரோடு 'யூகே' குழுவைத் தொடங்கினார். 1978இல் வந்த முதல் தட்டு, ப்ராக்ரஸிவ் ராக் இறந்துவிட்டதாகப் பங்க் இசைக்காரர்கள் அறிவித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்தது. ஒரே ஆண்டில் குழு இரண்டாகப் பிளந்தது. ஹோல்ட்ஸ்வர்த்துக்கு ஒவ்வோர் இரவும் புதிதாக வாசிக்க வேண்டும். ஜாப்ஸனுக்கும் வெட்டனுக்கும் வடிவம் நிலைத்த பாட்டு வேண்டும். ஹோல்ட்ஸ்வர்த்தும் ப்ரூஃபோர்டும் விலக, டெர்ரி போஸியோ தாளத்துக்கு வந்தார். மூவராக 1979இல் 'டேஞ்சர் மணி' செய்தனர். அதிலுள்ள 'ராந்தேவூ 6:02' வெட்டனின் பாடல்களில் மிகச் சிறந்த சிலவற்றுள் ஒன்று. கிடார் இல்லை. விசைப்பலகை, தாளம், பேஸ், குரல். 'ஸ்டார்லெஸ்'ஸின் நிழல் அதன்மேல் விழுந்திருப்பதாகவே நமக்குப் படுகிறது. ஆனால் அக்குழுவும் 1980இல் முடிந்தது. ஜாப்ஸன் நீண்ட கருவியிசையை விரும்பினார், வெட்டன் குறுகிய பாடல்களை விரும்பினார்.

அக்காலத்தைக் கூர்ந்து பார்க்கும் எவர்க்கும் ஒன்று புலப்படும். 1974இல் துயரப்பாட்டொன்றைக் குழுவின் முன் வைத்துப் புறக்கணிக்கப்பட்டவரும், 1978இல் நிலைத்த வடிவத்தின் பக்கம் நின்றவரும், 1980இல் குறுகிய பாட்டு வேண்டுமென்றவரும் ஒரே மனிதர். பாட்டின் மீதான பசி அவருக்கு எண்பதுகளில் பணத்தோடு வந்ததன்று. கிரிம்ஸனிலேயே இருந்தது, அங்கே அதைக் கேட்க ஆளில்லை.

ஆகவே 'ஏஷியா'. யெஸ்ஸின் கிடார் கலைஞர் ஸ்டீவ் ஹௌ, பகிள்ஸிலிருந்து யெஸ்ஸுக்கு வந்திருந்த ஜெஃப் டௌன்ஸ், எமர்சன் லேக் அண்ட் பாமரின் தாளக்கலைஞர் கார்ல் பாமர், வெட்டன். எம்டிவி தொடங்கி ஓராண்டும் நிரம்பாத வேளை. 'ஹீட் ஆஃப் த மொமெண்ட்' அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடத்தை எட்டியது. இருபது நிமிடம் வாசித்தவர்கள் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள் என்று விமர்சகர்கள் கொதித்தனர். பின்னாட்களில் 'சௌத் பார்க்' போன்ற கேலிச்சித்திரத் தொடரில் அப்பாடல் நகைப்புக்குரிய பொருளாகவும் ஆயிற்று.

பத்தாண்டுகள் கேட்காமல் விட்டிருந்த அந்த மறுபக்கத்தைக் கேட்டபோது நாம் எதிர்பாராதது, அதிலுள்ள தேவாலயம். 'ஒன்லி டைம் வில் டெல்', 'சோல் சர்வைவர்' ஆகியவற்றின் பல்லவிகளில் வெட்டனின் குரல் அடுக்கடுக்காகப் பதியப்பட்டு ஒரு பாடகர்குழுவாகவே எழுகிறது. இது வானொலிக்கான உத்தி மட்டும் என்று சொல்லிவிடலாம். நமக்கோ அண்ணனின் பியானோவும் ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களுமே கேட்கின்றன. காதல் முறிவைப் பாடும் எளிய சொற்களுக்கு அடியில், சபையாக எழுந்து நின்று பாடுவதற்கென்றே அமைந்த மெட்டுகள். அவை எளியவை. எளிமை ஏமாற்று அன்று.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். 'ஏஷியா'வில் பேஸ் எங்கே? தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. விசைப்பலகைகளின் பெரும்படலத்துக்குக் கீழே, மரியாதையாக, குறுக்கே வராமல், தாளத்தோடு ஒட்டி நடந்துகொண்டிருக்கிறது. பாட்டு சுருங்கியது பிழையன்று. ஒருகாலத்தில் வயலினைத் துரத்தியடித்த கை, தன் பாட்டுக்கே அடியாளாகிவிட்டதுதான் பிழை. கிரிம்ஸன் அவருடைய கையை எடுத்துக்கொண்டு குரலைத் தயக்கத்தோடு ஏற்றது. ஏஷியா குரலை எடுத்துக்கொண்டு கையைக் கட்டிப்போட்டது. நாம் எந்தக் கட்சியில் நின்று வாதிட்டாலும் பாதி வெட்டனைத்தான் காப்பாற்றுகிறோம்.

அக்குழுவுக்கு வெட்டனின் குரல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை நிரூபித்தது அவர் இல்லாத மேடை. இரண்டாம் தட்டான 'ஆல்ஃபா' முதலாவதைப் போல விற்கவில்லை. 1983இல் அவர் வெளியேற நேர்ந்தது. டோக்கியோவின் புடோகான் அரங்கிலிருந்து எம்டிவி நேரலையாக ஒளிபரப்பவிருந்த டிசம்பர் கச்சேரிக்கு மாற்று ஆளாக அழைக்கப்பட்டவர் வேறு யாருமல்லர், கிரெக் லேக். கிரிம்ஸனின் முதல் குரல், கிரிம்ஸனின் பின்னைய குரலுக்காக நின்றது. லேக்கின் குரலுக்கு ஏற்பப் பாடல்களின் சுருதியைக் கீழிறக்க வேண்டியிருந்தது. எல்லாம் சரியாகத்தான் வாசிக்கிறார்கள். பாடல்கள் மட்டும் நாற்காலி மாறி உட்கார்ந்தவர்களைப் போல இருக்கின்றன. லேக் நம் பெருமதிப்புக்குரியவர். 1969இல் ஹைட் பார்க் பெருங்கூட்டத்தின் முன் கிரிம்ஸனோடு நின்ற அந்தக் குரல் இன்னொருவரின் சட்டையில் பொருந்தவில்லை, அவ்வளவே. சில மாதங்களில் வெட்டன் திரும்பினார். ஆனால் மூன்றாம் தட்டான 'அஸ்ட்ரா' (1985) வந்தபோது அலை ஓய்ந்திருந்தது.

பின் வந்த இருபது ஆண்டுகள் சிதறலானவை. தனித்தட்டுகள், ஜப்பானிய ரசிகர்களின் விசுவாசம், குடி. தம் குடிப்பழக்கத்தைப் பற்றியும் அதிலிருந்து மீண்டதைப் பற்றியும் பிற்காலத்தில் வெட்டன் ஒளிவின்றிப் பேசினார். 2006இல் ஏஷியாவின் மூல நால்வரும் மீண்டும் ஒன்றுசேர்ந்தனர். மேடையில் ஒவ்வொருவரும் தம் பழைய குழுவின் பாடலொன்றை நினைவாக வாசிப்பது என்று ஏற்பாடு. கிரிம்ஸன் சார்பில் அவர்கள் எடுத்துக்கொண்டது லேக் பாடிய 1969ஆம் ஆண்டுப் பாடல், 'த கோர்ட் ஆஃப் த கிரிம்ஸன் கிங்'! தம் மூன்று தட்டுகளிலிருந்து ஒன்றை எடுக்காமல், தமக்கு முன்னிருந்தவரின் பாடலை வெட்டன் ஏன் பாடினார்? அதை எல்லோரும் அறிவார்கள் என்பது எளிய விடை. 'ஸ்டார்லெஸ்'ஸை அந்த நால்வரோடு வாசிக்க இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார் என்பது நம் ஊகம். 2011இல் ஜாப்ஸனோடு யூகேவை மீட்டபோது அவர்கள் அதை வாசித்தனர்.

2007இல் இதய அறுவை சிகிச்சை, அதன்பின் நான்கு புதிய ஏஷியா தட்டுகள், பின் பெருங்குடல் புற்றுநோய். 2017 ஜனவரி 31 அன்று மறைந்தார். 2016 டிசம்பர் 7 அன்று லேக் சென்றிருந்தார். யெஸ்ஸின் பேஸ் கலைஞர் கிரிஸ் ஸ்குவயர் 2015 ஜூனில். இரண்டாண்டுக்குள் அந்தத் தலைமுறையின் மூன்று பெரிய கீழ்க்குரல்கள் ஓய்ந்தன. ஸ்குவயருக்குப்பின் யெஸ்ஸில் பேஸ் ஏந்திய பில்லி ஷெர்வுட்டே வெட்டனுக்குப்பின் ஏஷியாவிலும் அதை ஏந்தினார்.

வெட்டனின் செல்வாக்கை விற்பனை எண்ணிக்கையில் தேடுவோர் ஏஷியாவில் நின்றுவிடுவர். ஸ்வீடனின் போர்லேங்கே என்னும் சிறு நகரத்துக்குச் செல்லுமாறு அவர்களைக் கேட்டுக்கொள்வோம். 1990களின் தொடக்கத்தில் அங்கே சில இளைஞர்கள் கிங் கிரிம்ஸன் பாடல்களை வாசிப்பதற்காகவே ஒரு குழு தொடங்கினர். பின்னர் 'அனெக்டோடன்' என்று பெயர் மாற்றிக்கொண்டு 1993இல் 'வெமோட்' என்ற முதல் தட்டை வெளியிட்டனர். மெலட்ரான், செல்லோ, கரகரத்து முழங்கும் பேஸ். அந்தப் பேஸை வாசிக்கும் யான் எரிக் லில்யஸ்ட்ரோமே பாடவும் செய்கிறார். பெரிதும் புறக்கணிக்கப்பட்ட தட்டு ஒன்று கடல்கடந்து, இருபது ஆண்டு கழித்து, வேறொரு மொழிக்காரர்களின் தொண்டையிலும் விரலிலும் ஒருசேர இறங்கியிருப்பதை அதில் கேட்கலாம். 2001இல் டூல் குழு கிங் கிரிம்ஸனைத் தன்னோடு அமெரிக்க மேடைகளுக்கு அழைத்துச் சென்றதும், 2009இல் ஸ்டீவன் வில்ஸன் 'ரெட்'டின் ஒலிக்கலவையைப் புதிதாக்கியதும், 2018இல் வந்த 'மேண்டி' திரைப்படம் 'ஸ்டார்லெஸ்'ஸோடு தொடங்குவதும் இந்த வரிசையில் வருபவை. கடைசியதைப் பார்க்க வெட்டன் இல்லை.

2014இல் ஃப்ரிப் ஏழுபேர் கொண்ட புதிய கிங் கிரிம்ஸனைச் சேர்த்தார். நாற்பது ஆண்டுக்குமுன் தாம் வேண்டாமென்று ஒதுக்கிய அந்தத் துயரப்பாட்டை ஊர் ஊராக வாசித்தார். ஜாக்கோ ஜாக்ஸிக் பாடினார், டோனி லெவின் பேஸ் வாசித்தார். ஒருவர் செய்ததைச் செய்ய இருவர். 2021 டிசம்பர் 8 அன்று டோக்கியோவில் அக்குழுவின் கடைசிக் கச்சேரி நடந்தது. கடைசியாக வாசிக்கப்பட்டது 'ஸ்டார்லெஸ்'.